அத்தையின் கைபேசி, கடைத் தம்பியின் ஜிமெயில்

கைபேசித் திரைப் பூட்டின் பேட்டர்ன் மறந்துவிட்டதா, எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தால் திறந்துவிடும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 2015-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது உண்மை. இப்போது இல்லை. ரீசெட் செய்த கைபேசி மொழியைக் கேட்கும், வைஃபை கேட்கும், அதன் பிறகு ஒரு திரையில் வந்து நின்றுவிடும். முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கைக் கொண்டு உள்ளே வாருங்கள் என்று கேட்கும். அது எந்தக் கணக்கு என்று மட்டும் சொல்லாது. மெக்கானிக் கடைகளில் இதை எஃப்ஆர்பி லாக் என்றும், கூகுள் லாக் என்றும், ஜிமெயில் லாக் என்றும் சொல்வார்கள். கோவில்பட்டியில் என் அத்தையின் கைபேசி இந்தத் திரையில்தான் மாட்டிக்கொண்டது. அதை மீட்டதில் தெரிந்துகொண்டவற்றை விவரமாகவே எழுதுகிறேன். வேறொருவர் போட்டுக் கொடுத்த ஜிமெயிலோடு வீட்டுப் பெரியவர்கள் கைபேசி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது உதவும்.

நடந்தது இதுதான். காலாண்டு விடுமுறைக்கு வந்த பேரன் விளையாட்டாகப் பேட்டர்னை மாற்றிவைத்தான். அத்தைக்கு விரல் ரேகையில் திறக்கும் வழக்கம் இருந்ததால் அது உடனே தெரியவில்லை. பையன் ஊருக்குப் போய்ப் பள்ளியும் திறந்தபின் ஒரு காலை கைபேசி ரேகையை ஏற்கவில்லை, பேட்டர்னைக் கேட்டது. பையனைக் கூப்பிட்டுக் கேட்டால் அவனுக்கும் நினைவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் நல்ல மனதோடு உதவ வந்து, பவர் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்துவிட்டான். அதன் பிறகுதான் எனக்குத் தொலைபேசி வந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு, விரல் ரேகையை மட்டும் நம்பி முடிவில்லாமல் திறந்துகொண்டிருக்காது. 72 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது பேட்டர்னையோ பின் எண்ணையோ கேட்கும்; அணைத்து இயக்கினாலும் கேட்கும். எனவே பேட்டர்ன் மறந்துவிட்டது, ஆனால் ரேகை இன்னும் வேலை செய்கிறது என்ற நிலை வந்தால், அந்தச் சில மணி நேரம் மிகவும் விலை மதிப்பானது. அதற்குள் படங்களைக் கணினிக்கோ கூகுள் போட்டோஸுக்கோ மாற்றிவிடலாம். வாட்ஸ்அப்பில் பேக்கப், அதாவது காப்புப் பிரதி, எடுத்துவிடலாம். உள்ளே எந்த ஜிமெயில் இருக்கிறது என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிவைக்கலாம். அந்தக் கைபேசியை மட்டும் அணைத்துவிடக் கூடாது. அத்தை வீட்டில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் பின்னால் வந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது.

நான் தொலைபேசியில் முதலில் சொன்னது, சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள் என்பதுதான். ரீசெட் செய்தால் சிம்முக்கு ஒன்றும் ஆகாது. வங்கிச் செய்தி, எரிவாயு உருளைப் பதிவு, மகளிர் உரிமைத் தொகை வந்ததற்கான குறுஞ்செய்தி எல்லாம் எண்ணைத் தேடித்தான் வருகின்றன. கைபேசி திறக்கும்வரை அவை நிற்க வேண்டியதில்லை. கணக்கை மீட்கும்போது கூகுள் அனுப்பும் குறியீடும் அந்த எண்ணுக்கு வரக்கூடும் என்பதால் சிம் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். ஜியோ சிம் பழைய 2ஜி பட்டன் போனில் எடுக்காது; 4ஜி பட்டன் போன் தேவைப்படும். மெமரி கார்டு இருந்தால் அதையும் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்தச் சொன்னேன். தனிச் சேமிப்பாகப் பயன்பட்ட கார்டில் உள்ள படங்களை இந்த ரீசெட் தொடாது.

இரண்டாவதாகச் சொன்னது, எந்தக் கடைக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்பது. ஏனென்றால் தெருவில் விசாரித்தவர்கள் எல்லோரும், கடையில் கொடுத்தால் சில நூறு ரூபாயில் லாக்கை எடுத்துக் கொடுப்பார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பூட்டு எதற்காக வந்தது என்று தெரிந்தால் அந்த யோசனை ஏன் எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் புரியும். திருடியவன் ரீசெட் செய்து விற்றுவிடுகிறான் என்பதுதான் அன்றைய பெரிய சிக்கல். ஆப்பிள் நிறுவனம் 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் ஆக்டிவேஷன் லாக் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், அங்கே விற்கும் ஸ்மார்ட்போன்களில் திருட்டைத் தடுக்கும் இத்தகைய வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2014-இல் சட்டம் இயற்றியது; 2015 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்ட்ராய்டில் 2015-இல், 5.1 பதிப்போடு இது வந்தது. கைபேசியில் கூகுள் கணக்கைச் சேர்த்துத் திரைப் பூட்டும் போட்டவுடன் இந்தக் காவலும் தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். யாருடைய கணக்கு என்ற அடையாளம், ரீசெட் அழிக்கும் பகுதியில் வைக்கப்படுவதில்லை. அழியாத தனிப் பகுதி ஒன்றில் இருக்கிறது. அதனால்தான் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அதே திரை திரும்பத் திரும்ப வருகிறது.

அமைப்புகளுக்குள் போய் முறையாக ரீசெட் செய்வது வேறு, பொத்தான்களை அழுத்தி வெளியிலிருந்து செய்வது வேறு. முன்னதில் கைபேசி பின் எண்ணைக் கேட்டு, நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதி செய்துகொண்ட பிறகே அழிக்கிறது. பொதுவாக அதற்குப்பின் பூட்டு வராது. பின்னதில் அழிப்பது யார் என்றே அதற்குத் தெரியாது. அதனால் சந்தேகப்படுகிறது. அப்படிச் சந்தேகப்படுவது சரிதான். அத்தையின் கைபேசி பஸ்ஸில் திருடு போயிருந்தால் நாம் அந்தப் பூட்டைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம்.

இந்தப் பூட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள் என்று காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பார்வையற்றோருக்கான குரல் உதவி வழியாக, அவசர அழைப்புத் திரை வழியாக என்று பல. அவற்றில் பெரும்பாலானவை அந்தந்த மாதத்துப் பாதுகாப்புப் புதுப்பிப்போடு செத்துப்போகின்றன. 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15 இதை இன்னும் இறுக்கிவிட்டது. தொடக்கத் திரையை எப்படியோ தாண்டிவிட்டாலும், பழைய உரிமையாளர் என்று உறுதி செய்யாதவரை புதுக் கணக்கு சேர்க்கவோ, திரைப் பூட்டுப் போடவோ, செயலி நிறுவவோ முடியாது. கடைகளில் கணினியோடு இணைத்து ஏதோ ஒரு மென்பொருளை ஓட்டி எடுத்துத் தருகிறார்கள். அது எங்கிருந்து வந்தது, கைபேசிக்குள் எதை விட்டுவிட்டுப் போகிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது. அந்தக் கைபேசியில்தான் அடுத்த நாள் வங்கிச் செயலியை நிறுவப்போகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப்பட்ட காரணம் வேறு. பூட்டை உடைத்தால் கிடைப்பது வெறும் கைபேசி. அத்தைக்கு வேண்டியது அதுவல்ல. மாமா காலமானவர். அவர் வெளியூரில் வேலை பார்த்தபோது வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் அந்தக் கைபேசியில் இருந்தன. ரீசெட்டில் கைபேசிக்குள் இருந்தவை போய்விட்டன. இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தகவல் எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், அதற்கான சாவி அழிந்தபின் எந்த மென்பொருளாலும் அதைத் தோண்டி எடுக்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, கூகுள் கணக்கில் கிடக்கக்கூடிய வாட்ஸ்அப் பேக்கப்தான். ஆக மீட்க வேண்டியது கணக்கை. கணக்கு வந்துவிட்டால் கைபேசி தானாகத் திறக்கும். கைபேசி திறந்துவிட்டால் கணக்கு வந்துவிடாது.

மதுரையிலிருந்தே இதைச் செய்துவிடலாம் என்றார்கள் வீட்டில். நான் கோவில்பட்டிக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கை மீட்கும்போது, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சாதனத்திலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் முயலுங்கள் என்று கூகுளே சொல்கிறது. முன்பின் தெரியாத ஊரிலிருந்து, தெரியாத கணினியில் உட்கார்ந்து முயன்றால், சரியான விவரம் கொடுத்தாலும் மறுத்துவிடக்கூடும்.

போய் உட்கார்ந்து அத்தையிடம் ஜிமெயில் முகவரி என்ன என்று கேட்டேன். “அதெல்லாம் கடையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள் மருமகளே” என்றார். இதைத்தான் எதிர்பார்த்தேன். புதிதாகக் கைபேசி வாங்குகிறவர்களிடம் கடையில் இருக்கும் பையன் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு முகவரியை உருவாக்கி, ஒரு கடவுச்சொல்லைத் தட்டி, யூடியூப் ஓடுகிறதா என்று காட்டிக் கையில் கொடுத்துவிடுகிறான். வாங்குகிறவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. அது வீட்டுச் சாவி நம் கையில், பட்டா வேறொருவர் பெயரில் என்பது போன்ற நிலை.

கூகுளில் முகவரியே மறந்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. உள்நுழையும் பக்கத்தில் ‘மின்னஞ்சலை மறந்துவிட்டீர்களா’ என்பதைத் தொட்டால் கைபேசி எண்ணைக் கேட்கும், பிறகு கணக்கில் உள்ள பெயரைக் கேட்கும். எண்ணுக்கு ஒரு குறியீடு வரும். அதைக் கொடுத்தால் அந்த எண்ணோடும் பெயரோடும் பொருந்தும் கணக்குகளைக் காட்டும். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அத்தையின் பெயரில் ஒரு ழகரம் வருகிறது. ஆதாரில் அது இசட்-எச். ரேஷன் அட்டையில் எல். வங்கிப் புத்தகத்தில் எல் என்ற எழுத்தே இரண்டு. தலைப்பெழுத்து முன்னால் வருமா, பின்னால் வருமா, குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் கடைக்காரர் எதைப் போட்டிருப்பார், மாமா பெயரையா, வெறும் ஓர் எழுத்தையா? ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தோம். பொருந்தவில்லை என்றே வந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்து வேகமாகப் போட்டால் கூகுள் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிடும், அதனால் எந்த எழுத்துக்கூட்டலை முயன்றோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி, இடைவெளி விட்டு முயன்றோம். இப்படித் தேடுகிறவர்கள் கைபேசி வாங்கிய ரசீதில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கணக்கைத் தொடங்கியவரும் ரசீது எழுதியவரும் பல கடைகளில் ஒரே ஆள்தான். எங்களுக்கும் ரசீதில் இருந்த எழுத்துக்கூட்டல்தான் கைகொடுத்தது.

முகவரி ஒன்று வந்தது. குறியீடு பட்டன் போனுக்கு வந்தது, கடவுச்சொல்லை மாற்றினோம், கணக்கு திறந்தது. அதைக் கைபேசியில் போட்டபோது, இது முன்பு இந்தச் சாதனத்தில் இருந்த கணக்கு அல்ல என்று மறுத்துவிட்டது.

இப்படியும் நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது அத்தையின் இதற்கு முந்தைய கைபேசிக்காகப் போட்ட கணக்கு. எங்களிடம் இருந்ததும் அந்தப் பழைய கைபேசியின் ரசீதுதான். புதுக் கைபேசி வாங்கும்போது, பழைய கணக்கின் கடவுச்சொல் தெரியாததால் கடையில் இன்னொன்றைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு என்று இருக்க வேண்டியது, கைபேசிக்கு ஒரு கணக்கு என்று ஆகிவிடுகிறது. அந்தப் பழைய கணக்குகளிலும் தொடர்பு எண்களும் படங்களும் சிதறிக் கிடக்கும். இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கை நீக்கிவிடலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. அதனால் தற்செயலாகக் கிடைத்த அந்தப் பழைய கணக்கையும் நாங்கள் விட்டுவிடவில்லை. அதில் மாமாவின் படங்கள் சில இருந்தன, எடுத்துப் பத்திரப்படுத்தினோம்.

இரண்டாவது கணக்கு அத்தையின் எண்ணைப் போட்டுத் தேடியதில் வரவே இல்லை. அப்படியென்றால் அதில் மீட்பு எண்ணாக, அதாவது கணக்கை மீட்கக் குறியீடு போகும் எண்ணாக, வேறு யாருடைய எண்ணோ இருக்கிறது என்று பொருள். முகவரியை வேறு வழியில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இங்கே அத்தையின் மகள் நல்ல யோசனை ஒன்று செய்தார். வளைகாப்புப் படங்களை அம்மா ஒருமுறை பகிர்ந்தபோது வாட்ஸ்அப்புக்குப் பதிலாக ஜிமெயிலில் வந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு, தன் அஞ்சல் பெட்டியில் அந்தத் தேதியைத் தேடினார். கிடைத்துவிட்டது. அத்தை பெயர், அதோடு ஒட்டிய கடையின் பெயர், பின்னால் சில எண்கள். இதே நிலையில் இருப்பவர்கள் உறவினர்களின் அஞ்சல் பெட்டிகளில் தேடச் சொல்லுங்கள். பகிர்ந்த படத் தொகுப்பு, கூகுள் மேப்பில் இருப்பிடம் பகிர்ந்தது, உறவினரின் கைபேசியில் சேமித்த தொடர்பு விவரம், எரிவாயு நிறுவனத்திலோ வங்கியிலோ கொடுத்த மின்னஞ்சல் என்று ஏதோ ஓரிடத்தில் அந்த முகவரி தடம் விட்டுப் போயிருக்கும்.

கடவுச்சொல் மறந்துவிட்டது என்று போட்டோம். குறியீடு அனுப்பவா என்று கேட்டு, ஓர் எண்ணின் கடைசி இலக்கங்களை மட்டும் காட்டியது. எங்கள் குடும்பத்தில் யாருடைய எண்ணும் அப்படி முடியவில்லை. அது கடையில் வேலை பார்த்த தம்பியின் எண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

பெட்டியைத் தேடி எடுத்தோம். பீரோவின் மேல்தட்டில் பெட்டியும் அதற்குள் புதுக் கைபேசியின் ரசீதும் இருந்தன. கைபேசிப் பெட்டியையும் ரசீதையும் தூக்கி எறியாத வீடுகளை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ரசீதில், ஒவ்வொரு கைபேசிக்கும் அடையாளமாக உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கும். திருட்டுப் புகார் கொடுக்கவும், உரிமையை நிரூபிக்கவும் கடைசியில் கைகொடுப்பது அதுதான்.

கடை முதலாளி, நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்பவர், பதற்றமில்லாமல் கேட்டுக்கொண்டார். அந்தத் தம்பி வேலையை விட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாராம். அண்ணாச்சி தன் எண்ணிலிருந்தே அவரை அழைத்து விவரம் சொல்லி, பிறகு என்னிடம் கொடுத்தார். குறியீட்டைச் சொல்லத் தம்பி முதலில் தயங்கினார். நான் அதை மதித்தேன். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்றுதானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அத்தை அவரிடம் பேசி, எந்தத் தீபாவளிக்குக் கைபேசி வாங்கினோம், என்ன நிறம் என்றெல்லாம் சொன்னபிறகு அவருக்கு நினைவு வந்தது. “அந்த அம்மாவா, சொல்லுங்கள் அக்கா, அனுப்புங்கள்” என்றார். அவரைத் தொடர்பில் வைத்துக்கொண்டே குறியீட்டைக் கேட்டு, அவர் படித்துச் சொல்ல, உடனே போட்டோம். அவரிடம் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை. தட்டச்சு செய்யத் தெரியாதவர்கள் வரிசையாக நிற்கும் கடையில், குறியீடு உடனே வரவேண்டும் என்பதற்காகத் தன் எண்ணைப் போட்டிருக்கிறார். அந்தக் கடைகளில் இதற்கு ஓர் ஒழுங்கு இல்லை என்பதுதான் குறை.

அந்தத் தம்பி எண்ணை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேருந்தில் திரும்பும்போது நினைத்துப் பார்த்தேன். இந்தியாவில் நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அத்தையின் கணக்குக்கான குறியீடு, எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச்சேரும். நாங்கள் அவரிடம் எந்த முகத்தோடு கேட்க முடியும்?

அப்படி ஆகியிருந்தால் மிச்சமிருந்த வழி சேவை மையம் மட்டும்தான். கைபேசி நிறுவனத்தின் அதிகாரபூர்வ சேவை மையத்தில், ஐஎம்இஐ எண் உள்ள ரசீதையும் அடையாள அட்டையையும் காட்டினால் சில நிறுவனங்கள் பூட்டை நீக்கித் தருகின்றன. ஐபோனுக்கு ஆப்பிள் நிறுவனமும் வாங்கிய ஆதாரத்தைக் கேட்டுப் பரிசீலிக்கிறது. நேர்மையான வழி அது. ஆனால் அப்போதும் கிடைப்பது காலிக் கைபேசிதான், பேக்கப் கிடைக்காது.

இன்னொரு எச்சரிக்கை. கூகுள் வாடிக்கையாளர் சேவை எண் என்று இணையத்தில் தேடாதீர்கள். இலவச ஜிமெயில் கணக்கை மீட்டுத்தரத் தொலைபேசியில் ஆள் வைத்து கூகுள் உதவுவதில்லை. அப்படி ஓர் எண் கிடைத்து யாராவது அக்கறையோடு பேசினால், அவர் உங்கள் வங்கிக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கடவுச்சொல்லை மாற்றி, ஆர்வத்தோடு கைபேசியில் போட்டதும் அது ஏற்கவில்லை. அத்தையின் முகம் வாடிவிட்டது. இதற்கு அஞ்ச வேண்டாம். கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றியிருந்தால், இப்படிப்பட்ட கைபேசியில் அது செல்லுபடியாக 24 மணி நேரம் வரை ஆகலாம். திருடியவன் கடவுச்சொல்லை மாற்றி உடனே நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் இது. இந்த நேரத்தில் பொறுமை இழந்து மறுபடி மறுபடி கடவுச்சொல்லை மாற்றினால் காத்திருப்பும் புதிதாகத் தொடங்கிவிடும். கைபேசியை அணைத்து வைத்துவிட்டு, மறுநாள் மாலை போட்டோம். திறந்தது.

திறந்தபின் அவசரப்படக் கூடாத ஓர் இடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பை நிறுவி எண்ணை உறுதி செய்ததும், பேக்கப் கிடைத்திருக்கிறது, மீட்கவா என்று கேட்கும். அதைத் தவிர்த்துவிட்டு உள்ளே போய்விட்டால், அடுத்த பேக்கப் எடுக்கப்படும்போது பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். அதனால்தான் இடைப்பட்ட நாட்களில் அத்தையின் எண்ணைக் கொண்டு வேறு கைபேசியில் வாட்ஸ்அப் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நல்ல வைஃபையில் இணைத்து, மின்சாரத்தில் செருகிவைத்து, மீட்கட்டும் என்று விட்டோம். குரல் பதிவுகள் வந்தன. எல்லாம் வரவில்லை; கடைசியாக பேக்கப் எடுத்த நாளுக்குப் பின் வந்தவை போனவைதான். காணொளிகளை பேக்கப்பில் சேர்க்கும் அமைப்பு அணைந்திருந்ததால் அவையும் இல்லை. வந்தவற்றில் மாமா பேசியவை பெரும்பாலும் இருந்தன. அவற்றை அன்றே ஒரு பென் டிரைவிலும் மகளின் கணினியிலும் பிரதி எடுத்தோம். ஒரே இடத்தில் இருக்கும் பொருளைப் பத்திரமாக இருக்கிறது என்று நான் இனிச் சொல்ல மாட்டேன்.

பிறகு அங்கேயே உட்கார்ந்து கணக்கைச் சீர்படுத்தினோம். மீட்பு எண்ணாக அத்தையின் எண்ணைப் போட்டு, மீட்பு மின்னஞ்சலாக மகளின் முகவரியைச் சேர்த்தோம். எண்ணை மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை கூகுள் பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்ப முன்வரலாம் என்பதால், திருப்பூர்த் தம்பியிடம் அதையும் சொல்லி வைத்தோம். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளை அச்சிட்டு, முகவரியையும் கடவுச்சொல்லையும் எழுதிய தாளோடு சேர்த்துக் கைபேசிப் பெட்டிக்குள் வைத்து பீரோவில் பூட்டினோம். கடவுச்சொல்லைத் தாளில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். வீட்டு பீரோவில், நகையோடு இருக்கும் தாள், யாருக்கும் தெரியாத கடவுச்சொல்லைவிட எவ்வளவோ மேல். அத்தை வயதினருக்கு இதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. பேட்டர்னை எடுத்துவிட்டு, பின் எண் வைத்தோம். அது அத்தைக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும்.

கூகுள் கணக்கின் அமைப்புகளில், பயன்பாட்டில் இல்லாத கணக்கை நிர்வகிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. குறிப்பிட்ட காலம், குறைந்தது மூன்று மாதம், அதிகம் பதினெட்டு மாதம், கணக்கைத் தொடாமல் விட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதைப் பகிர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். மாமாவின் கணக்கில் இது இருந்திருந்தால் என்று அத்தையே சொன்னார். தன் கணக்கில் மகளைச் சேர்க்கச் சொன்னதும் அவர்தான்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் ஜிமெயில் கேட்டால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கையே போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து தொடங்குங்கள்; கணக்கு இல்லாமலும் அழைப்பு பேசலாம், அவசரம் ஒன்றுமில்லை. கடையிலேயே தொடங்கினால், மீட்பு எண் உங்கள் எண்தானா என்று பார்த்து, பெயரின் எழுத்துக்கூட்டல் உட்பட எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

பழைய கைபேசி வாங்குகிறவர்கள், விற்பவர் கண்முன்னே கணக்கை நீக்கி, அமைப்புகளுக்குள் இருந்தே ரீசெட் செய்து, தொடக்கத் திரையிலிருந்து முகப்புத் திரை வரை போய்ப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். சாம்சங், ஷாவ்மி போன்ற கைபேசிகளில் கூகுள் கணக்கோடு அந்த நிறுவனத்தின் கணக்கும் தனியாக இருக்கலாம். அதையும் நீக்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, முடக்கப்பட்டதா என்ற விவரம் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். தொலைந்த கைபேசியை, காவல் நிலையப் புகார் நகலோடு முடக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. விற்பவர் கணக்கை நீக்கத் தயங்கினாலோ, கடவுச்சொல் மறந்துவிட்டது என்றாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அத்தைக்குக் கைபேசி திரும்பியதைக் கேள்விப்பட்டு அதே தெருவில் இன்னும் சிலர் தங்கள் கைபேசிகளைக் கொண்டுவந்தார்கள். அவை பூட்டிக்கொள்ளவில்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. யாருடைய கணக்கு உள்ளே இருக்கிறது என்று பார்த்துத் தரச் சொன்னார்கள். அவர்களிலும் பலருக்கு மீட்பு எண்ணாக யாரோ ஒருவருடைய எண் இருந்தது. கைபேசி திறந்திருக்கும்போது அதை மாற்றச் சில நிமிடங்கள் போதும்.